அக்குபங்சரும் உடற்பயிற்சியும் (சிங்கப்பூர்)

அக்குபங்சர் என்பது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி வலியையும் வேறு சில உபாதைகளையும் தணிக்கும் சீன மருத்துவ முறை. சிங்கப்பூரில் இது குடியேறிய சீனர்களின் அறச்சாலை மருத்துவத்தோடு வளர்ந்து, 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அரசுப் பதிவுக்கு உட்பட்ட தொழிலாயிற்று. பெரியவர்களிடையே உடற்பயிற்சியைப் பரப்பும் அரசு முயற்சியும் ஏறத்தாழ அதே காலத்தில் வேகம் பிடித்தது. முட்டிவலியும் நீரிழிவும் ஒன்றாகச் சேரும் நடுவயதில் பலர் இரண்டையும் நாடுவதால் இவை இங்கே ஒரே தலைப்பில் தரப்படுகின்றன.

அறச்சாலைக் காலம்

சீனாவில் 1822இல் டாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தின் ஊசிச் சிகிச்சைத் துறையை மூடிவிட்டார். அதன் பின்னரே தென்சீன மக்கள் பெருமளவில் சிங்கப்பூருக்குக் கப்பலேறினர். ஆகவே அவர்கள் கொண்டுவந்த மருத்துவத்தில் நாடி பார்த்தலும் மூலிகையும் முன்னே நிற்க, ஊசி பின்னே நின்றிருக்க வேண்டும்.

1867இல் சீன வணிகர்கள் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தது. அதன் நிறுவனர்களுள் கான் எங் செங் ஒருவர். 1892இல் வாயாங் தெருவில் எழுந்த அதன் கட்டடம் 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அதே ஆண்டில் அந்தத் தகுதியைப் பெற்றது. கூலி வேலைக்கு வந்தவர்கள் காசில்லாமல் ஏறிப்போன படிகளும், அவர்கள் வேண்டிக்கொண்ட சன்னிதியும் நாட்டின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது பொருத்தமே.

தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான சிராங்கூன் சாலைக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1844இல் பேர்ல்ஸ் ஹில்லில் தொடங்கப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை 1860களின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் இடத்தருகே இடம்பெயர்ந்தது. 1909இல் மோல்மேன் சாலைக்குப் போனது. காலியான அந்த இடத்தை குவாங்டோங் மாநிலத்தின் மூன்று வட்டாரங்களைச் சேர்ந்த வணிகர்கள் பெற்று, 1910இல் குவாங் வாய் ஷியு மருத்துவமனையைத் திறந்தனர். தங்கள் ஊர்க்காரர்களுக்கென்று தொடங்கியது பின்னாளில் எல்லா இனத்தவருக்குமானது. தேக்கா சந்தையிலிருந்து நேரே வடக்கே, கோயில்களையும் நகைக்கடைகளையும் கடந்து நடந்தால் இன்றும் அதன் வாசலை அடையலாம். முதியோர் பராமரிப்போடு சீன மருத்துவமும் அக்குபங்சரும் அங்கே தொடர்கின்றன.

சீனாவில் ஊசிக்கு மறுவாழ்வு தந்தவர் வைத்தியர் செங் தான்ஆன். 1930களில் அவர் பழைய தடித்த ஊசிகளை விட்டு மெல்லிய ஊசிகளுக்கு மாறினார். இரத்தக்குழாய்களை விலக்கிப் புள்ளிகளை நரம்பியல் அறிவோடு ஒட்டி வரையறுத்தார். சிங்கப்பூரில் 1946இல் சீன வைத்தியர் சங்கம் உருவானது. அது 1952இல் சுங் ஹுவா மருத்துவ நிலையத்தையும் 1953இல் வைத்தியர் பயிற்சிப் பள்ளியையும் நிறுவியது. இந்தியாவுக்கு இக்கலையைக் கொண்டுவந்தவர் டாக்டர் கோட்னிஸுடன் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவின் பி.கே. பாசு. 1959இல் அவர் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். இலங்கையில் ஆன்டன் ஜயசூரிய பல நாட்டவருக்குப் பயிற்சியளித்தார்.

சிகிச்சை முறை

முட்டிவலிக்கு வருபவர் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டுக் கட்டிலில் சாய்கிறார். முட்டிச்சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை அளந்து, முன்னங்கால் எலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்புறம் தள்ளினால் வரும் பள்ளம், வைத்தியர் முதலில் தொட்டுப் பார்க்கும் இடங்களுள் ஒன்று. சூ சான் லி என்னும் அந்தப் புள்ளி, உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திய 361 புள்ளிகளில் இரைப்பைத் தடத்தின் 36ஆவது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியைச் செருகுகிறார்கள். அதன் பருமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். வைத்தியர் அதை இரு விரல்களுக்கிடையே மெல்ல உருட்டும்போது சுருக்கென்ற குத்தல் போய், கனத்து மரத்ததுபோல் ஓர் உணர்வு காலில் பரவும். அது வந்தால்தான் ஊசி உரிய இடத்தில் இறங்கியது என்பது மரபு. ஊசிகள் 20 முதல் 30 நிமிடம் இருக்கும். சிலருக்கு அவற்றின் வழியே மென்மையான மின்துடிப்பும் தரப்படும்.

சட்டமும் பதிவும்

சீன மருத்துவத்தை ஆராய 1994இல் அரசு ஏலின் வோங் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. மக்களில் சுமார் 45 விழுக்காட்டினர் எப்போதேனும் பாரம்பரிய வைத்தியரை நாடியிருந்தார்கள். அன்றாட வெளிநோயாளிகளில் 12 விழுக்காட்டினரைச் சீன வைத்தியர்கள் பார்த்துவந்தார்கள் என மதிப்பிடப்பட்டது. 1995இல் வந்த குழுவின் அறிக்கை, பயிற்சிக்கும் பதிவுக்கும் விதிகள் வேண்டும் என்றது. சீன மருத்துவர் சட்டம் நவம்பர் 2000இல் நிறைவேறியது. பதிவு வாரியம் 2001இல் பணியைத் தொடங்கியது. முதலில் பதிவானவர்கள் அக்குபங்சர் வைத்தியர்களே. மூலிகை வைத்தியர்கள் அடுத்த ஆண்டில் சேர்க்கப்பட்டனர். ஆங்கில மருத்துவரும் உரிய தகுதி பெற்றுப் பதிவுசெய்தால்தான் அக்குபங்சர் செய்யலாம். சந்துக்குச் சந்து தரம் மாறிய ஒரு தொழிலில் யாரை நம்பலாம் என்று நோயாளி சரிபார்த்துக்கொள்ள முடிந்ததே இச்சட்டத்தின் பெரும் பயன்.

பலன் பற்றிய விவாதம்

2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேர் பங்கேற்றனர். அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கும், புள்ளிகளை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினருக்கும் நிவாரணம் கிடைத்தது. வழக்கமான சிகிச்சையில் 27.4 மட்டுமே. எங்கே குத்தினாலும் பலன் ஒன்றுதானா என்ற கேள்வி அதனால் எழுந்தது. 29 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு அலசல், முதுகு, கழுத்து, மூட்டு வலிகளிலும் தலைவலியிலும் உண்மையான ஊசி போலி ஊசியைவிடச் சற்றே மேல் என்றது. உடலின் இயற்கை வலிநிவாரணிகள் சுரப்பதே காரணம் என்பர் ஒரு சாரார். நம்பிக்கையும் பரிவான கவனிப்புமே பெரும்பங்கு என்பர் மறு சாரார். சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்தும் மருந்துக்கோ நடைப்பயிற்சிக்கோ ஊசி ஈடாகாது. வலி தணிந்து நடக்க முடிந்தால் அது பெரிய உதவிதான். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உடற்பயிற்சி

லிட்டில் இந்தியாவின் திறந்தவெளி ஃபேரர் பார்க். 1840களிலிருந்து அது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயர் அதனால் வந்தது. 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் அங்கிருந்தே பறந்தது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியபின் அது விளையாட்டுத் திடலானது. 1942 பிப்ரவரியில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் திரட்டியதும் அங்கேதான். அருகிலுள்ள பாலஸ்டியர் வட்டாரத்தில் இந்தியர் சங்கமும் (1923) சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் (1928) விளையாட்டை வளர்த்தன. உடற்கல்வி ஆசிரியரான சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2001இல் யு.கே. ஷியாம் முறியடித்தபோது குறைந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கு மட்டுமே.

சாதாரண மக்களைக் குறிவைத்த தேசிய ஆரோக்கிய வாழ்க்கைமுறைத் திட்டத்தைப் பிரதமர் கோ சோக் டோங் 1992இல் தொடங்கிவைத்தார். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2001இல் அமைந்தது. 2010ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி 18 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2, சீனர்களிடையே 9.7. இத்தகைய இடைவெளியைக் குறைக்க நடை உதவும் என்பதற்குச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு வலுவான சான்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரில், உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. இயங்கும் தசை இன்சுலினின் துணையின்றியே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சுவது இதற்கு ஒரு காரணம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

அண்மைக் காலம்

2015இல் தேசிய நடைச் சவால் தொடங்கியது. 2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் ஜூலை 2023இல் நடைமுறைக்கு வந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் சீன மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது.