வீட்டுவசதி இலக்கு ஒதுக்கீடு (சென்னை)

வீட்டுவசதி இலக்கு ஒதுக்கீடு என்பது, குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை வீடுகள் எழ வேண்டும் என்று அரசு கணக்கிட்டு, அந்த எண்ணிக்கையை உள்ளாட்சிகளுக்குப் பங்கிட்டுத் தருவதாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒவ்வொரு நகரமும் தன் பங்கு வீடுகளுக்கு நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் இடம் காட்டியாக வேண்டும். இதற்கான சட்டம் அங்கே 1969இல் வந்தது. சென்னையிலோ இலக்கு வாரியங்களுக்கும் திட்டங்களுக்கும் விதிக்கப்பட்டதே தவிர, வட்டாரங்களுக்கு விதிக்கப்படவில்லை.

1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் பின் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைக்கப்பட்டபோது, தெருவும் பூங்காவும் மனையும் வகுக்கப்பட்டன. வீடு கட்டுவது மனை வாங்கியவர் பாடாக இருந்தது. 1961இல் சட்டம் பெற்ற வீட்டு வசதி வாரியம் பெசன்ட் நகர் போன்ற குடியிருப்புகளை உருவாக்கியது. காலவரையறையுடன் கூடிய பெரிய இலக்கு 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்துடன் வந்தது. ஏழு ஆண்டுகளில் நகரின் குடிசைப் பகுதிகளை அகற்றிவிட அது முனைந்து, மயிலாப்பூரை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் மீனவர்கள் வாழ்ந்த கடற்கரையிலேயே மாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. இலக்கு எட்டப்படவில்லை என்றாலும், இருந்த இடத்திலேயே வீடு என்ற கொள்கை பின்வந்தவற்றைக் காட்டிலும் மேலானது.

1992இன் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குரிய பணிகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் நகரமைப்பையும் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் சேர்த்தது. வீட்டுவசதி அதில் தனித் தலைப்பாக இல்லை. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையிலோ ஊரக வீட்டுவசதி உண்டு. அதனால்தானோ என்னவோ, பிரதமரின் ஊரக வீடு வழங்கும் திட்டத்தில் மாநிலம், மாவட்டம், ஊராட்சி எனப் படிப்படியாக இறங்கும் இலக்குக்கு நிகரானது மாநகராட்சி வார்டில் காணப்படுவதில்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம், உள்ளாட்சிகள் நடத்தும் தேவைக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொண்டது.

வீடு எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதை இலக்கு சொல்லாதபோது, நிலத்தின் விலையே அதை முடிவுசெய்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல நகருக்குத் தெற்கே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. இடத்தையும் வரையறுத்த, சென்னைப் பெருநகருக்கான 2008இன் இரண்டாம் முழுமைத் திட்ட விதிகள், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைகளில் 10 விழுக்காட்டை குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீடுகளுக்கு ஒதுக்கவோ, இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறிடம் காட்டவோ கட்டட உரிமையாளரைப் பணித்தன. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 45 கிரவுண்டு. ஓரிரு கிரவுண்டு மனைகளில் பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்பும் தியாகராய நகரையும் மயிலாப்பூரையும் இவ்விதி பெரும்பாலும் தொடவே இல்லை. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வகுத்து வருகிறது. வட்டார வாரியான எண்ணிக்கையை விதிப்பதற்கு அதுவே பொருத்தமான இடம்.