வேதாகமமும் வரலாற்றுக் கண்ணும்

ஒரு நூலுக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்கு உரியது? சமய வரலாற்றில் இவ்வினா என்றுமே அதிகாரத்தைப் பற்றிய வினாவாக இருந்துவந்துள்ளது. கத்தோலிக்கத் திருச்சபை வேதாகமத்தை வாசித்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஐரோப்பாவிற் சீர்திருத்த இயக்கம் பரவிய வேளையில், 1546ஆம் ஆண்டு, திரெந்துப் பொதுச்சங்கம் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பையே அதிகாரபூர்வமானதென அறிவித்தது. வேதாகமத்தின் மெய்ப்பொருளைத் தீர்மானிப்பது திருச்சபையே என்றும் விதித்தது. அச்சியந்திரம் நூலை மக்களிடம் கொண்டுசென்ற காலத்திலேயே அதன் பொருளுக்கு வேலியிடப்பட்டது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் வினா வேலிக்குள்ளிருந்தே எழுந்தது. 1678இல் பிரெஞ்சுக் குருவானவரான றிச்சார்ட் சிமோன், முதல் ஐந்து ஆகமங்கள் முழுவதையும் மோசே எழுதியிருத்தல் இயலாது என வாதிட்டார். நூல் மட்டுமே போதும் என்ற சீர்திருத்தவாதிகளை மறுத்து, மரபின் தேவையை நிலைநாட்டுவதும் அவர் நோக்கங்களுள் ஒன்று. எனினும் ஆயர் பொசுவேயின் தலையீட்டால் பிரதிகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. சிமோன் தம் துறவற சபையினின்று நீக்கப்பட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அகழ்வாராய்ச்சியை இவ்வாறு அழிக்க இயலவில்லை. 1872இல் ஜோர்ஜ் சிமித், நோவாவின் கதையை ஒத்த வெள்ளக் கதையொன்றை மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் வாசித்தறிந்தார். 1890இல் லக்ராஞ்ச் என்ற துறவி எருசலேமில் வேதாகம ஆராய்ச்சிக் கல்லூரியைத் தொடங்கினார். உரோமாபுரியோ அஞ்சியது. 1906இல் பாப்பரசரின் வேதாகம ஆணைக்குழு மோசேயின் ஆசிரியத்துவத்தை வலியுறுத்தியது. 1908இல் அறிஞர் லுவாசி திருச்சபையினின்று விலக்கப்பட்டார். 1910 முதல் குருமார் நவீனவாதத்துக்கு எதிராகச் சத்தியம் செய்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது.

தடை நிலைக்கவில்லை. 1943இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மூலமொழிகளையும் அக்கால இலக்கிய வகைகளையும் ஆராயுமாறு அறிஞரை ஊக்கினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதாகமம் விசுவாசிகள் அனைவருக்கும் எளிதிற் கிட்டவேண்டும் என்றது. இறுதித் தீர்ப்பை மட்டும் திருச்சபை தன் கையிலேயே வைத்துக்கொண்டது. நவீனவாத எதிர்ப்புச் சத்தியம் 1967இற் கைவிடப்பட்டது.

திறந்த கதவினூடே அறிஞர் மட்டும் நுழையவில்லை. நிக்கராகுவாவின் சொலெந்தினாமே தீவுகளில் ஏர்னெஸ்தோ கார்தெனால் என்ற கவிஞரான குருவானவர், பிரசங்கத்துக்குப் பதிலாகச் சுவிசேஷத்தை வாசித்து உழவரையும் மீனவரையும் பேசவிட்டார். அவர்கள் ஏரோது மன்னனிடம் தம் சர்வாதிகாரி சொமோசாவைக் கண்டனர். 1977இல் அச்சமூகத்து இளைஞர் சிலர் படைமுகாமொன்றைத் தாக்கிய பின்னர், சொமோசாவின் படை அக்குடியிருப்பை அழித்தது.

1906இல் மோசேயைக் காத்துநின்ற அதே ஆணைக்குழு, 1993இல் வரலாற்றுத் திறனாய்வு முறை இன்றியமையாதது என எழுதியது. நூலைச் சொல்லுக்குச் சொல் பற்றும் அடிப்படைவாதத்தைக் கண்டித்தது. ஒடுக்கப்பட்டோரின் வாசிப்பையும், எச்சரிக்கையுடனேனும், ஓர் அணுகுமுறையாக ஏற்றது. இம்மாற்றம் தானாகக் கனிந்ததன்று. நூல் எரிக்கப்பட்டும் பதவி இழந்தும் வாசிப்பைக் கைவிடாதோர் பெற்றுத்தந்தது அது. புனிதமெனப் போற்றப்படும் எந்நூலையும் மாணவர் முன் விரிக்கும் ஆசிரியர், இது எக்காலத்தில், எவர்க்காக எழுந்தது என்று கேட்கக் கற்பித்தல் வேண்டும். அக்கேள்வி நூலைச் சிறுமைப்படுத்தாது, வாசிப்பவனை மனிதனாக்கும்.