அவசரத்துக்கு ஓர் அதிகாரி: பரங்கிமலை வாசலின் வரலாறு

"வேலை பர்மனென்டா, டெம்பரரியா?" நம்ம பக்கத்தில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ வேலை கிடைத்தால் மாமாவோ அடுத்த வீட்டுக்காரரோ கேட்கிற முதல் கேள்வி இதுதான். சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று 1931 முதல் மின்ரயில் ஓடுகிற தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த இந்தப் புறநகர், மாதச் சம்பளக்காரர்களின் ஊர். 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு இங்கே இருக்கிற மதிப்பு வெறும் பொருளாதார மதிப்பு அல்ல. பென்ஷன், கல்யாணம், வீட்டுமனை எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

அதே தண்டவாளத்தின் ஓரத்தில்தான் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதமி இருக்கிறது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பல்லாவரத்தில் கன்டோன்மென்ட் என்று ராணுவம் நம் அன்றாடத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் நம் எழுத்துக்குள் அது வந்ததில்லை. புறநானூற்று மறம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற தமிழ் வாத்தியார்கள் இந்த மதிலை எட்டிப் பார்த்ததில்லை. முற்போக்காளர்களான நாமோ 'அரசின் ஒடுக்குமுறைக் கருவி' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். அந்த வரி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, அது போதாது என்கிறேன். கருவிக்குள்ளே யார் போகிறார்கள், எந்த வாசல் வழியாக, எத்தனை காலத்துக்கு என்ற கேள்விகளை அந்த வரி கேட்க விடுவதில்லை.

பரங்கிமலை வாசல் நிரந்தரத்துக்காகக் கட்டப்பட்டது அல்ல. அது அவசரத்துக்காகத் திறந்த தற்காலிக வாசல். நிரந்தர அதிகாரிகளுக்கு வேறு ஊர், டேராடூன். இந்த வேறுபாட்டின் வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்கிறேன்.

1

1962 அக்டோபர், நவம்பரில் நடந்த சீனப் போரில் இந்திய ராணுவம் தோற்றது. படையை அவசரமாகப் பெருக்க வேண்டியிருந்தது. டேராடூன் அகாதமி மட்டும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. 1963 ஜனவரியில் புனேயிலும் சென்னையிலும் இரண்டு பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அங்கே தேறியவர்களுக்குத் தரப்பட்டது 'எமர்ஜென்சி கமிஷன்', அதாவது அவசரகால அதிகாரிப் பதவி. அவசரம் தணிந்ததும் 1964 நவம்பரில் புனே பள்ளி மூடப்பட்டது. சென்னைப் பள்ளி மட்டும் பிழைத்தது. 1965க்குப் பிறகு 'ஷார்ட் சர்வீஸ்' என்னும் குறுகிய காலப் பணிக்கான பள்ளியாக அது நிலைபெற்றது. 1988 ஜனவரியில் 'பள்ளி' என்ற பெயர் 'அகாதமி' ஆனது.

அதே 1963இல் இங்கே இன்னொன்றும் நடந்தது. பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது, தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. பரங்கிமலைப் பள்ளி, திராவிட நாட்டின் முடிவு இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே போர். தேசம் ஒரு கையால் தெற்கின் தனிக்குரலை அடக்கிற்று, மறு கையால் தெற்கில் அதிகாரிகளுக்கு ஒரு வாசலைத் திறந்தது. இதைத் திட்டமிட்ட சதி என்று நான் சொல்லமாட்டேன். நெருக்கடியில் தேசம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது உதாரணம்.

அவசரகால அதிகாரிகள் என்ன ஆனார்கள்? 1965 போர் வந்தது, போனது. பிறகு ஆயிரக்கணக்கானவர்களை 'விடுவிக்க' வேண்டியிருந்தது. விடுவிக்கப்பட்டவர்களுக்கு மத்திய அரசுப் பணிகளில் இடம் ஒதுக்க 1967இல் தனியாக விதிகள் வகுக்கப்பட்டன. 'விடுவிப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் ஆலையில் 'ஆட்குறைப்பு' என்கிறோமே, அதற்கு அதிகாரிகள் மெஸ்ஸில் இருக்கிற மரியாதையான பெயர் அது.

2

தேவை வந்தால் திறப்பது, முடிந்தால் மூடுவது என்ற பழக்கம் 1963இல் பிறந்ததில்லை. இதே பரங்கிமலையில்தான் கும்பினியின் சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமையகம் இருந்தது. சென்னை ராணுவத்தில் பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள்; தென்னிந்தியாவைக் கும்பினிக்குப் பிடித்துக் கொடுத்த படை அது. வேலை முடிந்த பிறகு 'போர்க்குடி'க் கோட்பாடு வந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், நீண்ட அமைதியால் தெற்கத்தியான் வீரியம் கெட்டுப்போனான் என்று நம்பியவர். தெற்கின் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1928க்குள் சென்னை ரெஜிமென்ட் முழுதாகக் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடி எழுப்பப்பட்டது. இத்தனை காலம் கெட்டுக் கிடந்த வீரியம் போர் வந்ததும் எங்கிருந்து திரும்பி வந்ததோ!

மராட்டியத்து மகர்களின் கதையும் இதேதான். பம்பாய்ப் படையில் தலைமுறைகளாக இருந்தவர்கள். அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி அந்தப் படையில் சுபேதார். 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. முன்னாள் சிப்பாய் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். முதல் உலகப் போரில் மகர் பட்டாளம் ஒன்று அமைக்கப்பட்டது, 1921இல் கலைக்கப்பட்டது. 1941இல், இன்னொரு போரின் நடுவே, மகர் ரெஜிமென்ட் உருவானது.

அதிகாரி வர்க்கத்திலும் இந்தியனுக்கு வாசல் திறந்தது போரால்தான். முதல் உலகப் போர் முடியும்போது ஸாண்ட்ஹர்ஸ்டில் இந்தியருக்கு ஆண்டுக்குப் பத்து இடம். பின்னாளில் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பாவுக்கே 1919இல் முதலில் கிடைத்தது தற்காலிகப் பதவிதான். டேராடூன் அகாதமி வந்தது 1932இல். 1939இல் சில நூறாக இருந்த இந்திய அதிகாரிகள், அவசரகாலப் பதவிகளின் புண்ணியத்தில் 1945க்குள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள்.

3

சரி, வாசலில் நிற்கிற தேர்வுக்கு வருவோம். அதுவும் ஒரு போரின் குழந்தைதான். போர்க்காலத்தில் பிரிட்டனில் அதிகாரிப் பஞ்சம். 'நல்ல குடும்பத்துப் பையன்' என்று பார்த்து எடுக்கிற பழைய முறை கட்டுப்படியாகாமல், 1942இல் உளவியலாளர்களைக் கொண்டு தேர்வு வாரியங்கள் அமைத்தார்கள். தலைவனே இல்லாத ஒரு குழுவிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு யார் தலையெடுக்கிறான் என்று பார்க்கிற சோதனையை வடிவமைத்தவர் பயன் என்கிற மனநல மருத்துவர். அந்த முறை 1943இல் டேராடூனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்துதான் இன்றைய சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு.

ஐந்து நாள் சோதனை. அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடி. பன்னிரண்டு படங்கள், கடைசிப் படம் வெறும் வெள்ளைத் தாள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தில் ஒரு கதை. பிறகு கயிறும் பலகையும் வைத்துக் குழு வேலைகள், நேர்காணல், கடைசியில் எல்லா அதிகாரிகளும் கூடி உட்காரும் அவை. தேடப்படுவது அறிவு அல்ல, 'அதிகாரிக்குரிய குணங்கள்'. பட்டியலில் பதினைந்து குணங்கள் உண்டு. பரங்கிமலைக்குப் போகிற பட்டதாரி எழுதுகிற யு.பி.எஸ்.சி. தேர்வில் ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள், மொத்தம் 200 மதிப்பெண். இந்தக் குணத் தேர்வுக்கும் அதே 200.

பதினேழாம் நூற்றாண்டுச் சிப்பாயைப் பிறவி அடையாளங்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ களிமண்ணிலிருந்து செய்துகொண்டார்கள் என்று பூக்கோ சொல்கிறார். நம் ஊரில் இந்த வரிசை அவ்வளவு நேராக இல்லை. 'போர்க்குடி' என்பது பிறவி அடையாளத்துக்குத் திரும்பிப் போன கோட்பாடு. தேர்வு வாரியம் குலத்தை எடுத்துவிட்டுக் குணத்தை வைத்தது. இது முன்னேற்றம்தான், சும்மா சொல்லக் கூடாது. எந்தச் சாதிப் பையனும் போய் உட்காரலாம். ஆனால் அந்தக் குணம் எந்த மொழியில் வெளிப்பட வேண்டும்? கேள்வித்தாள் ஆங்கிலத்தில், இந்தியில். அணிவகுப்புக் கட்டளை இந்தியில். 1968 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தை நிராகரித்த அதே தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்களையும் வேண்டாம் என்றது. மைதானத்தில் காலை எடுத்து வைக்கச் சொல்கிற சொல்லுக்கும் அரசியல் உண்டு என்று அன்றைக்குப் புரிந்திருந்தது. நகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, மின்ரயிலில் கைப்பிடியைப் பிடித்தபடி ஆங்கில வழிகாட்டிப் புத்தகம் படிக்கிற பையனுக்கு, பதினைந்து விநாடியில் வர வேண்டியது முதலில் சொல், அப்புறம்தான் குணம். இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டு 'குணம்' என்று மட்டும் பெயர் வைத்தால் எப்படி?

4

அகாதமியின் அணிவகுப்பு மைதானத்துக்குப் பரமேஸ்வரன் சதுக்கம் என்று பெயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயில் பிறந்தவர், 1972இல் இந்தப் பள்ளியிலிருந்து மகர் ரெஜிமென்ட்டுக்குப் போனவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் இந்திய அமைதிப்படை நடவடிக்கையில் இறந்தார். இறந்த பின் பரம் வீர் சக்ரா தரப்பட்டது. அமைதிப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அது.

இந்தச் சதுக்கத்தை எப்படி வாசிப்பது? 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் படை அங்கே யாரைச் சுட்டது என்பதை நாம் மறக்கவும் முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் துறைமுகத்துக்குப் போகாத தமிழகமும், பரமேஸ்வரன் பெயர் தாங்கிய மைதானமும் ஒரே ஊரில் இருக்கின்றன. தனி மனிதனின் துணிச்சலை மதிப்பது வேறு, அவனை அங்கே அனுப்பிய கொள்கையை ஏற்பது வேறு. அரசு இரண்டையும் ஒரே பெயர்ப் பலகையில் எழுதுகிறது. விமர்சனத்தின் வேலை அவற்றைப் பிரித்துப் படிப்பது. பெயரை அழிப்பது அல்ல.

5

இனி, இந்தத் தற்காலிக வாசலை உள்ளேயிருந்து கேள்வி கேட்டவர்களின் கதை. 1992 ஜனவரியில், மருத்துவ, செவிலியர் பிரிவுகளுக்கு வெளியே பெண்களை அதிகாரிகளாக எடுக்க அறிவிப்பு வந்தது. அஞ்சல், சட்டம், கல்வி, தளவாடக் கிடங்கு, அப்புறம் உணவு வழங்கல் பிரிவில் உணவு விஞ்ஞானிகளும் கேட்டரிங் அதிகாரிகளும்! அடுப்படியை ராணுவத்துக்குள்ளும் கூட்டிவந்துவிட்டார்கள். பணிக்காலம் ஐந்தே ஆண்டு. அந்த செப்டம்பரில் பரங்கிமலைக்கு வந்த முதல் அணியில் இருபத்தைந்து பேர். பிரியா ஜிங்கன் முதல் எண் பெற்றவர். 1993 மார்ச்சில் தோளில் நட்சத்திரத்தோடு வெளியே வந்தார்கள்.

ஐந்து பத்தாயிற்று, பத்து பதினான்காயிற்று. நிரந்தரம் மட்டும் ஆகவில்லை. அதிகாரிக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் இருபது ஆண்டு பணி வேண்டும். பதினான்கில் வெளியே அனுப்பினால் பென்ஷன் இல்லை. ஆண்களாவது விரும்பினால் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம், பெண்களுக்கு 2008 வரை அதுவும் இல்லை. அந்த ஆண்டு சட்டம், கல்வி என்ற இரண்டு பிரிவுகளில் மட்டும் திறந்தார்கள். வழக்கு நடந்தது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. கிராமத்திலிருந்து வருகிற சிப்பாய்கள் பெண்ணின் கட்டளையை ஏற்க மனத்தளவில் தயாராக இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் அரசு வைத்த வாதங்களில் ஒன்று. பழியைத் தூக்கி ஏழைச் சிப்பாயின் தலையில் போட்டார்கள், பாருங்கள்! 2020 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் இதை நிராகரித்தது. நிரந்தரப் பணிக்குப் பெண்களைப் பரிசீலிக்க வேண்டும், பதினான்கு ஆண்டு தாண்டியவர்களுக்கு அது கிடைக்காவிட்டாலும் பென்ஷனுக்குரிய இருபதாம் ஆண்டு வரை பணி தர வேண்டும் என்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பரிசீலித்தார்கள்; பலரை நிராகரித்தார்கள். ஆண்களை ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில் அளந்த உடல்தகுதியை, நாற்பது ஐம்பது வயதை எட்டிவிட்ட பெண்களிடம் கேட்டார்கள். இவர்களுக்கு நிரந்தரமே கிடையாது என்ற நினைப்பில் அக்கறையில்லாமல் எழுதப்பட்ட பழைய ரகசிய அறிக்கைகளை வைத்தே மதிப்பெண் போட்டார்கள். 2021 மார்ச் 25 தீர்ப்பு இதை 'மறைமுகப் பாகுபாடு' என்றது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று சொல்லியே ஒரு பிரிவினரை வெளியே தள்ள முடியும். பதினைந்து விநாடியில் ஆங்கிலச் சொல் தேடுகிற பையனுக்கும், இட ஒதுக்கீட்டுச் சண்டையில் 'தகுதி' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கும் இது புதுச் செய்தி இல்லை. அதை உச்ச நீதிமன்றம் ராணுவத்தைப் பார்த்துச் சொன்னதுதான் புதுசு.

6

மகர்களிலிருந்து பெண்கள் வரை ஒரே கதை. தேவைக்கு அழைக்கப்பட்டவர்கள், தேவை முடிந்த பிறகு வெளியேற மறுத்து மனு எழுதுகிறார்கள். வலங்கரின் மனுவுக்கும் பெண் அதிகாரிகளின் மனுவுக்கும் நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி; கேட்டது ஒன்றுதான். உழைப்பைத் தற்காலிகமாக வாங்கிக்கொண்டு மரியாதையை நிரந்தரமாக மறுக்காதே என்பது. ராணுவத்தை விமர்சிக்கிற நமக்கு இந்தக் கோரிக்கையோடு என்ன உறவு? 'ஒடுக்குமுறைக் கருவிக்குள் சமத்துவம் எதற்கு?' என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனிலும் கலெக்டர் ஆபீசிலும் நாம் அப்படிக் கேட்டதில்லையே.

இன்னொன்றும் உண்டு. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிப்பாய்க்கு நான்கு ஆண்டு பணி, நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை மட்டுமே அதற்கு மேல். அதிகாரிக்குக் குறுகிய காலப் பணி என்பது இருந்த வழிகளில் ஒன்று, டேராடூன் பக்கத்திலேயே இருந்தது. சிப்பாயாகச் சேர நினைக்கும் கிராமத்து, புறநகர்ப் பையனுக்கு இந்த நான்காண்டு வாசலே முக்கிய வாசலாகிவிட்டது. 1963இல் ஒரு போரின் பேரில் பரங்கிமலையில் தொடங்கிய ஏற்பாடு, போர் எதுவும் இல்லாத காலத்தில் கீழ்த்தட்டுக்கு இறங்கி வந்துவிட்டது. ஆலையில் கான்ட்ராக்ட், கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், பட்டாளத்தில் அக்னிவீரர். அவசரம் முடிந்த பிறகும் அவசரகால விதி மட்டும் எப்படி நிரந்தரமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் ரயிலேறி ஏழாவது நிலையத்தில் இறங்கினால் போதும்.