முஅம்மா: பக்தாதிலிருந்து அடையாறு வரை

மறைத்தெழுதிய வாசகத்துக்கு அரபியில் ‘முஅம்மா’ என்று பெயர். ‘குருடாக்கப்பட்டது’ என்பது அதன் நேர்ப்பொருள். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தீ, முஅம்மாவை அவிழ்ப்பது குறித்துத் தனி ரிஸாலாவே இயற்றினார். அரபியில் அலிஃபும் லாமும் மிகுதியாக வருபவை. அவற்றுக்குப் பதிலாக வேறு குறிகளை இட்டாலும் அக்குறிகளும் அவ்வாறே மிகுந்து வரும். எண்ணிப் பார்த்தால் மறைப்பு விலகிவிடும். நம் மத்ரஸாக்களில் கிந்தீயைத் தத்துவத்தோடு நிறுத்திவிடுகிறோம். எழுத்தெண்ணிய கிந்தீயை மாணவர் அறிவதில்லை.

மூலத்தின் சாயல் எஞ்சும்வரை ஒட்டுக்கேட்பவன் குருடனல்லன். சாயலை அழிக்கச் செய்தியோடு குலுக்கலில் எடுத்த எண்ணைக் கலக்க வேண்டும். அடையாறிலிருந்து எழும்பூருக்கு மயிலாப்பூர் வழியே ஒன்றும் தி.நகர் வழியே ஒன்றுமாக இரு கம்பிகள் செல்வதாகக் கொள்வோம். அனுப்ப வேண்டிய இலக்கம் 7; குலுக்கலில் வந்தது 5. மயிலாப்பூர்க் கம்பியில் 5 செல்லட்டும், தி.நகர்க் கம்பியில் இரண்டின் கூட்டுத்தொகையான 12இன் கடைசி இலக்கம் 2 மட்டும் செல்லட்டும். ஏதேனும் ஒரு கம்பியை மட்டும் கேட்பவனுக்குப் பத்து இலக்கங்களும் சமமே. எண்ணுவதற்கு அங்கே அலிஃபுமில்லை, லாமுமில்லை.

2000ஆம் ஆண்டில் ஆல்ஸ்வேடே, காய், லீ, யேங் ஆகிய நால்வர் புதியதொரு கருத்தை வெளியிட்டனர். வலைப்பின்னலின் இடைநிலையங்கள் வந்ததை வந்தபடியே கடத்தாமல், ஒன்றோடொன்று கலந்து அனுப்பினால் அதே கம்பிகளில் கூடுதல் செய்தியைச் செலுத்த இயலும் என்பதே அது. நன்மை பெரிது, ஆபத்தும் உடன் வருகிறது. வழியில் ஒரு நிலையம் நம் இரு எண்களையும் பெற்று, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து அனுப்புமாயின், அதற்கப்பால் 7 வெட்டவெளியாகச் செல்லும். எத்தனை கம்பிகள் ஒட்டுக்கேட்கப்படலாம் என முன்னரே வரையறுத்து, அத்தனையையும் ஒருங்கே கேட்டாலும் குலுக்கல் எண் நீங்காதபடி கலவையை அமைக்கும் முறையைக் காயும் யேங்கும் 2002இல் காட்டினர். குலுக்கல் எண்களும் இடம்பிடிப்பதால் செய்தியின் அளவு குறையும். அதுவே இதற்கு நாம் கொடுக்கும் விலை.

அடையாற்றை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. அதனருகே 1959இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ், மற்றும் நால்வருடன் 2007இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு உடன்பிறந்த துறையைச் சேர்ந்தது. ஒட்டுக்கேட்பவனுக்கு இரைச்சல் மிகுந்திருந்தால், முன்னரே பகிர்ந்துகொண்ட சாவியின்றியும் இரகசியம் காக்கலாம் என்று வைனர் 1975இல் நிறுவியிருந்தார். பிழைதிருத்தத்துக்குரிய எல்.டி.பி.சி. குறியீடுகளைக் கொண்டு அதைச் செய்யும் வழியை இவர்கள் காட்டினர். இங்கும் ஒரே செய்திக்குப் பல குறிச்சொற்கள் உண்டு. குலுக்கலில் ஒன்றைத் தேர்ந்து அனுப்புவர். ஒட்டுக்கேட்பவனுக்கு இலக்கங்கள் ஆங்காங்கே அழிந்து கிடைக்கும் நிலைக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. இரைச்சல் வேறு வகையானால் கணக்கு கடினமாகிவிடுகிறது.