ஸ்கிஃபில் அலையும் பிரிட்டனின் வீட்டுக் கிதார்களும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கிதார், பெரும்பாலும் நடன இசைக்குழுக்களில் தாளத்துக்குத் துணைநின்ற கருவியாகவே இருந்தது. 1956இன் தொடக்கத்தில் லானி டோனகன் பாடிய ‘ராக் ஐலண்ட் லைன்’ இசைத்தட்டு பெருவெற்றி பெற்றதும், அமெரிக்க நாட்டார் பாடல்களை எளிய கருவிகளுடன் துள்ளுதாளத்தில் பாடும் ‘ஸ்கிஃபில்’ என்னும் இசைவகை இளைஞரிடையே பரவி, கிதாரை முன்னணிக்குக் கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை வந்திறங்கிய ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் துடைப்பக் கழியை நிறுத்தி, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினால் தாழ்ந்த சுரங்களுக்கான கருவி கிடைத்தது. துணி துவைக்கும் நெளிப்பலகையை விரலுறை மாட்டித் தேய்த்தால் தாளம் கிடைத்தது. பல தந்திகளை ஒருசேர மீட்டி எழுப்பும் சுரக்கூட்டான ‘கார்டு’களில் மூன்றை மட்டும் அறிந்தவரும் பல பாடல்களுக்கு வாசிக்க முடிந்ததால், ஆசிரியரின்றிக் கற்பது வழக்கமாயிற்று, 1957இல் வெளியான பெர்ட் வீடனின் ‘பிளே இன் எ டே’ பயிற்சிநூல் அதற்குக் கைகொடுத்தது. அமெரிக்கக் கருவிகளின் இறக்குமதி 1959 வரை கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், தொடக்கநிலையினர் பலர் மலிவான ஐரோப்பியக் கிதார்களில், விரற்பலகையைவிட்டு உயர்ந்து நின்ற தந்திகளை விரல்நுனி காய்த்துப்போகும் அளவுக்கு அழுத்திப் பழகினர். ஸ்கிஃபில் மோகம் சில ஆண்டுகளிலேயே தணிந்தபோதிலும், அதில் பயின்ற கைகளே மின்கிதாருக்கு மாறின. லிவர்பூலில் ஜான் லெனன் தொடங்கிய ‘குவாரிமென்’ என்னும் ஸ்கிஃபில் குழுவே பின்னாளில் பீட்டில்ஸாக உருவெடுத்தது.