மஞ்சள் துணி எப்போது விழவேண்டும்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கால்பந்தில் (பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான்) எதிரணியினரை மோதி வீழ்த்துவது விதிக்கு உட்பட்டது, ஏளனம் செய்வது குற்றம். வசைச்சொல், சீண்டும் சைகை, தன்மீது கவனம் ஈர்க்கும் கொண்டாட்டம் போன்ற உடல் தொடர்பற்ற செயல்களே விளையாட்டுப் பண்பின்மை எனப்படுகின்றன. நடுவர் மஞ்சள் துணியை வீசினால் அணிக்கு 15 கெஜம் இழப்பு. ஒரே ஆட்டத்தில் இருமுறை தவறினால் வெளியேற்றம், பயிற்சியாளருக்கும் விலக்கில்லை.

எல்லைக்கோட்டை நெருங்குகையில் ஏளனம் செய்தாலும், பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுள்ள தேசியக் கூட்டமைப்பின் விதிப்படி புள்ளிகள் நிற்கும். தண்டனை அடுத்த முயற்சியிலோ தொடக்க உதையிலோ சேரும். கல்லூரி விதிகளைப் பின்பற்றும் டெக்சாஸிலோ அந்த 6 புள்ளிகளே பறிபோகும்.

கொண்டாட்டத்தை எடைபோடுவதில்தான் சிக்கல். 2010-இல் வாஷிங்டன் மாநில அரையிறுதியில், புள்ளி எடுத்தபின் மண்டியிட்டு வானை நோக்கி விரல் உயர்த்திய மாணவரின் அணிக்கு 15 கெஜம் தண்டனை விதிக்கப்பட்டது. அச்செயல் எவரையும் இழிவுபடுத்தவில்லை. அங்கே துணி விழுந்திருக்க வேண்டியதில்லை. வசையும் சீண்டலும் வேறு. கைகலப்பாக முற்றும் முன்பே அவற்றைத் தண்டித்தாக வேண்டும். ஐயத்துக்கு இடமான தருணங்களில், மாணவரை வாய்மொழியாக எச்சரித்து, பயிற்சியாளரிடமும் சொல்லிவைக்கும் வழி நடுவருக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது.