கோத்துக் காட்டும் படமும் ஒளியில் காட்டும் படமும்

கட்டடக்கலை மாணவரிடம் ஒரு கட்டடத்தை அலசி அனிமேஷன் குறும்படமாக எடுத்து வரச் சொன்னால், பெரும்பாலும் வந்து சேர்வது ஒரு ‘வாக்த்ரூ’தான். கேமரா வாசலில் நுழைந்து, படியேறி, மொட்டைமாடியைச் சுற்றிப் பறந்து முடியும். பார்க்க அழகாக இருக்கும், அலசல் இருக்காது. அனிமேஷன் எந்த இடத்தில் ஆய்வாகிறது என்பதை வகுப்பில் காட்ட, ஸ்பெயின் கலைஞர்கள் இருவரின் படங்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று, கிறிஸ்தோபல் விலாவின் ‘ஃபாலிங்வாட்டர்’ (2007). மற்றது, அலெக்ஸ் ரோமனின் ‘தி தேர்ட் அண்ட் தி செவன்த்’ (2009). இரண்டுமே கணினியில் உருவானவை. பெயர்பெற்ற கட்டடங்களையே எடுத்துக்கொண்டவை. ஆனால் அவை கேட்கும் கேள்விகள் வேறு.

பென்சில்வேனியாவில் ஓர் அருவியின் மேல் பிராங்க் லாயிட் ரைட் 1930களில் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடுதான் விலாவின் பொருள். தொடக்கத்தில் வீடே இல்லை. ஓடையும் பாறையும் காடும் மட்டுமே. பிறகு ஒவ்வொரு பாகமாக வந்து பொருந்தி வீடாகிறது. மாணவருக்கு இதில் பெரிய பாடம் உண்டு. நிமிர்ந்து நிற்கும் கல் சுவர்கள் ஒரு குடும்பம், கிடையாக நீளும் கான்கிரீட் தளங்கள் இன்னொரு குடும்பம். பிளானில் பின்னிக் கிடக்கும் இவற்றை இப்படிப் பிரித்துக் கோத்துக் காட்டினால் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். கணப்படுப்பின் முன் தரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் பாறை வீட்டுக்காகக் கொண்டுவந்தது அல்ல, வீட்டுக்கு முன்பே அங்கே இருந்தது. எது முதலில், எது பிறகு என்பதைச் சொல்ல அனிமேஷனைவிட நல்ல கருவி இல்லை.

ரோமனின் படம் சுமார் 12 நிமிடம் ஓடும். நியூ ஹாம்ப்ஷயரில் 1971இல் திறக்கப்பட்ட லூயி கானின் எக்ஸிடர் நூலகம், மீஸ் வான் டெர் ரோவின் பார்சிலோனா பெவிலியன் என்று கட்டடத்துக்குக் கட்டடம் நகர்கிறது. இங்கே எதுவும் பிரிக்கப்படுவதில்லை. ஒளி எப்படி இறங்குகிறது, கான்கிரீட்டும் கல்லும் அதை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்பதிலேயே படம் நிற்கிறது. செக்‌ஷனில் வெறும் வட்டக்கோடாகத் தெரியும் எக்ஸிடரின் பெருந்திறப்புகளுக்கு எவ்வளவு கம்பீரம் என்பது இதைப் பார்த்தால்தான் பிடிபடும்.

இரண்டும் மறைக்கிற விஷயங்களும் உண்டு. விலாவின் படத்தில் கான்கிரீட்டுக்கு எடையே இல்லை. தளம் மிதந்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. உண்மையில் அது சென்ட்ரிங் அடித்து வார்த்த தளம். சென்ட்ரிங்கைப் பிரித்ததுமே கான்டிலீவர் சற்றுத் தாழ்ந்தது. பல ஆண்டுகள் தாழ்ந்துகொண்டே வந்து, கடைசியில் 2002இல் எஃகு வடங்களைச் செலுத்தி இறுக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டின் துணிச்சலும் சிக்கலும் எடையில்தான் இருக்கின்றன. படம் அதைத் தொடவில்லை. ரோமனின் படத்திலோ கட்டடம் எப்படி நிற்கிறது என்பதே தெரியாது. எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதும் விளங்காது. பார்ப்பவர் மயங்கலாம், பிளானை நினைவிலிருந்து வரைய முடியாது.

இப்போது முறைகளை இடம் மாற்றிப் பார்ப்போம். எக்ஸிடரின் வெளிச்சுவர் சுமை தாங்கும் செங்கல் சுவர். மேலே போகப்போகச் சுமை குறைவதால் செங்கல் தூண்கள் ஒடுங்குகின்றன, சன்னல்கள் அகலமாகின்றன. விலாவின் வழியில் மாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, கூடவே கீழ்த்தூண்களைத் தடிக்கச் செய்தால், இருபதே வினாடியில் முகப்பின் காரணம் புரிந்துவிடும். அதேபோல, ஃபாலிங்வாட்டரில் கூடத்திலிருந்து ஓடைக்கு இறங்கும் தொங்குபடியை ரோமனின் பொறுமையோடு எடுத்தால், தாழ்ந்த கூரை, குளிர்ந்த கல், நெருங்கி வரும் நீரோசை எல்லாம் சேர்ந்து வீட்டுக்காரர் உணர்ந்ததை மாணவரும் உணர்வார். ஆக, கோத்துக் காட்டுவதா ஒளியில் காட்டுவதா என்பதை மென்பொருள் தீர்மானிக்கக் கூடாது. கட்டடத்திடம் நாம் கேட்கும் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

அதனால் பயிற்சியை இப்படி அமைக்கலாம்: ஒரு படத்துக்கு ஒரே கேள்வி, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கூடாது. ரெண்டரில் பளபளப்பு வேண்டாம். கேள்விக்குத் தொடர்பில்லாத மரம், கார், மனிதர் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். எதை நீக்கினோம் என்று சொல்லத் தெரிவதே அலசலில் பாதி. மதிப்பெண் போடுமுன் ஆசிரியர் ஒன்றைக் கேட்டால் போதும்: இந்தப் படத்துக்குப் பதிலாக ஒரு நல்ல செக்‌ஷனை ஒட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ‘ஒன்றும் குறையாது’ என்பது விடையானால், அந்த மாணவர் வரைபலகைக்குத் திரும்ப வேண்டும்.